நோட்டு வாங்குவது இது நான்காவது முறை: தினமும் வரைந்தால் நிஜமாகவே பொறுமை வருமா?

பாலக்கோட்டான்

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எனக்கு 31 வயது, பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். இருட்டோடு போனால் மத்தியானம் வரைக்கும் சத்தம்தான். ஏலம் விடுகிறவர் ஒரு பக்கம் கத்துவார், லாரிக்காரர் ஒரு பக்கம் அவசரப்படுத்துவார், நேற்று நல்ல விலைக்குப் போன தக்காளி இன்றைக்குப் பாதியாக இறங்கிவிட்டால் அதை நான்தான் இறக்கிவிட்டேன் என்பதுபோல என் மேஜைக்கு எதிரே வந்து நிற்பார்கள். பத்து வருடம் இதிலேயே ஓடியதில் பொறுமை சுத்தமாகப் போய்விட்டது. போன மாதம் ஒரு சிட்டையில் கூட்டல் தப்பு என்று கூட வேலை பார்க்கிற பையனை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். அப்புறம் பார்த்தால் தப்பாகக் கூட்டியது நான். அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

சின்ன வயதில் நன்றாக வரைவேன் என்று பெயர். தினமும் கொஞ்சம் வரை, மனசு அடங்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். முதல் தடவை பன்னிரண்டு பென்சில் இருக்கிற டப்பா, கனமான ஸ்கெட்ச் நோட்டு எல்லாம் வாங்கினேன், ஒன்பது நாள் ஓடியது. இரண்டாம் தடவை போனில் பார்த்த முப்பது நாள் சேலஞ்ச், நான்கு நாள். மூன்றாம் தடவை பதினைந்து நாள் போனது, எனக்கே ஆச்சரியம். பதினைந்தாம் நாள் என் பெண்ணின் முகத்தை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வரைந்தேன். அவளுக்கு ஐந்து வயது. பார்த்துவிட்டு "இது யாருப்பா, தாத்தாவா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பக்கத்தை மட்டுமல்ல, நோட்டையே கிழித்துவிட்டேன். பொறுமை வருவதற்காக ஆரம்பித்த வேலையில் நடந்தது இது!

அதனால் கேட்கிறேன். வரைந்தால் பொறுமை வருமா, இல்லை ஏற்கெனவே பொறுமை இருக்கிறவர்கள்தான் வரைகிறார்களா? ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சா? மண்டி வேலையில் எனக்கு நேரம் ஒரே மாதிரி இருக்காது. 31 வயதில் ஆரம்பிப்பதே லேட்டா என்பதையும் யாராவது உண்மையாகச் சொல்லுங்கள்.

ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர்

தம்பி, கிருஷ்ணகிரி பக்கம் அரசுப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வான்கோ ஓவியனாவது என்று முடிவெடுத்தது 1880-ல், அப்போது அவருக்கு 27 வயது. அதற்கு முன்னால் படக்கடை வேலை, பள்ளிக்கூட வேலை, மதப் பிரசாரம் என்று எல்லாவற்றிலும் தோற்றவர். ஆரம்பத்தில் அவர் செய்ததும் பாடப்புத்தக மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்ததுதான். நீங்கள் ஓவியனாகவும் போவதில்லை, ஆக வயதைப் பற்றிய பேச்சை விட்டுவிடுங்கள்.

உங்கள் பெண் முகம் தாத்தா முகமாக ஏன் வந்தது என்று சொல்லட்டுமா? அதில் உங்கள் கையின் குற்றம் குறைவு. வளர்ந்தவர்களின் தலையை உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நடுவில் இருக்கும். குழந்தைக்கு நெற்றி பெரிது, அதனால் கண்கள் அந்த நடுக்கோட்டுக்கும் கீழே இறங்கி இருக்கும். பழகாதவர்கள் எல்லோருமே கண்ணை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள், ஏனென்றால் நம் மனசுக்கு முகம் என்றால் கண், மூக்கு, வாய்தான், நெற்றி கணக்கிலேயே இல்லை. கண்ணை மேலே வைத்த உடனே குழந்தைக்கு வயது ஏறிவிடும். அதோடு மூக்கிலிருந்து வாய்க்கு இறங்குகிற மடிப்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கிற நிழலையும் அழுத்தமான கோடாகப் போட்டிருப்பீர்கள். முடிந்தது, தாத்தா வந்துவிட்டார். ஒன்றரை மணி நேரமும் நீங்கள் காகிதத்தைத்தான் பார்த்திருப்பீர்கள், பெண்ணைப் பார்த்தது பத்து நிமிடம்கூட இருக்காது. நான் பந்தயமே கட்டுவேன்.

இங்கேதான் பொறுமை பற்றி எனக்குத் தெரிந்தது இருக்கிறது. வகுப்பில் அடங்கி உட்காருகிற பையன் பொறுமைசாலி என்று நானும் ஐந்தாறு வருடம் நம்பினேன். அப்படி இல்லை. எதையாவது திரும்ப ஒரு தடவை பார்க்கத் தயாராக இருக்கிறவன்தான் பொறுமைசாலி. பெஞ்சில் ஐந்து நிமிடம் தங்காத ஒருவன் இருந்தான், எல்லா ஆசிரியருக்கும் தலைவலி. வேப்பங்கொத்து ஒன்றைக் கையில் கொடுத்து இலைகளை வரையாதே, இலைகளுக்கு நடுவே தெரிகிற சந்துகளை மட்டும் வரை என்றேன். பீரியட் மணி அடித்தது அவனுக்குக் கேட்கவில்லை. இலை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும் என்று நினைக்கிறோம், அதனால் பார்க்காமல் வரைகிறோம். சந்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்த்தே ஆகவேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பன்னிரண்டு பென்சில் டப்பாவைப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள். கோடு போடாத சாதா நோட்டு ஒன்று, நீங்கள் சிட்டை எழுதுகிற அதே பால்பாயிண்ட் பேனா. ரப்பர் கூடாது. ரப்பர் கையில் இருந்தால் கோடு போடுவதற்கு முன்னாலேயே அழிக்கிற யோசனை வந்துவிடும். பர்கூர் பக்கம் மல்லபாடியில் பாறை மேல் வெள்ளையில் இரண்டு குதிரை வீரர்கள் சண்டை போடுகிற ஓவியம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். எத்தனை கோடு என்று எண்ணிப் பாருங்கள் என்பேன். ரொம்பக் குறைவு. வரைந்தவனிடம் ரப்பர் இருந்திருந்தால் இந்நேரம் பாறைதான் மிச்சம்.

பதினைந்து நிமிடம் போதும். முதல் மூன்று நிமிடம் வெறும் நேர்கோடுகள், ஸ்கேல் இல்லாமல், மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை இழுத்து. அப்புறம் வீட்டில் இருக்கிற ஒரு சொம்பு. ஆமாம், சொம்புதான். ஒரு மாதத்துக்கு அதே சொம்பு. அந்தக் காலத்தில் அரசு தொழில்நுட்பத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது ஃப்ரீஹேண்ட் லோயருக்கு, அதாவது ஸ்கேல் இல்லாமல் கையால் வரைகிற கீழ்நிலைத் தேர்வுக்கு, நடுக்கோடு போட்டு இரண்டு பக்கமும் ஒத்து வருகிற மாதிரி ஜாடி வரையச் சொல்லிக் கழுத்தை அறுப்போம், வெறுத்துப் போவார்கள், ஆனால் அந்த ஜாடி வந்தவனுக்கு மற்றது எல்லாம் வந்தது.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்: பக்கம் கிழிக்கக் கூடாது. நோட்டில் முதலிலேயே பக்கத்துக்கு எண் போட்டுவிடுங்கள், கணக்குப் புத்தகம் மாதிரி. கணக்குப் புத்தகத்தில் தப்பு வந்தால் பக்கத்தைக் கிழிப்பீர்களா? குறுக்கே கோடு போட்டு, பக்கத்திலேயே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள் அல்லவா?

சும்மா வந்தவன்

மாஸ்டர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் கேள்வி கேட்டவருக்கு யாராவது உண்மையையும் சொல்ல வேண்டும். நான் இரண்டு வருடமாக வரைகிறேன். வரைகிற நேரத்தில் புத்தர்தான். நோட்டை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன் என்றால், சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் மாட்டினேன் என்றால், பழைய ஆள் அப்படியே வந்துவிடுவான். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், பொறுமை வந்ததா என்று! காகிதத்தில் வந்த பொறுமை தானாக எழுந்து நடந்து வாழ்க்கைக்குள் வராது.

ஒரே ஒரு லாபம் இருக்கிறது. கோடு சரியாக வராதபோது பேனாவை இறுக்கிப் பிடிப்பேன், விரல் நுனி வெளுத்துப் போகும், பக்கத்தின் பின்பக்கம் தடவினால் கோடு புடைத்துக்கொண்டு இருக்கும். அதைத் தினமும் பார்த்துப் பார்த்து, இப்போது ஹேண்டில்பாரை இறுக்குகிறபோதும் தெரிகிறது. தெரிந்ததும் கொஞ்சம் தளர்த்துகிறேன். சில நாள். மற்ற நாள் ஹாரன்தான்.

காவேரிப்பட்டினத்துக்காரி

அண்ணா, ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நானும் அதிலேயே மாட்டி இருந்தேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், நம் வீடுகளில் ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள். லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-ல் அச்சில் வந்தது. ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தினமும் நடக்கிற இன்னொரு காரியத்தோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் இது என்கிற மாதிரி. யோசிக்காமல் கை தானாகப் போகிற நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நமக்கு முக்கியமானது, இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. ஆக உங்கள் 9, 4, 15 எல்லாம் தோல்வி என்று நீங்களே முத்திரை குத்திக்கொண்டது. பதினைந்து நாள் எவ்வளவோ பேருக்கு முளைகூட விடாத காலம்.

எனக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும். காலை ஆறு மணிக்கு வரைவேன் என்று நேரம் குறித்தால் இரண்டாம் வாரமே செத்துப்போகும். அப்போதுதான் அம்மாவை நினைத்தேன். காவேரிப்பட்டினம் வீட்டில் அம்மா வாசல் தெளித்த கையோடு கோலம் போடுவார். இன்றைக்கு மூடு இருக்கிறதா, கோலம் நன்றாக வருமா என்கிற கேள்வியெல்லாம் அவருக்கு இல்லவே இல்லை, வாசல் தெளித்தாகிவிட்டது, போட்டாக வேண்டும், அவ்வளவுதான். மார்கழியில் 15-லிருந்து 8 வரை ஊடு புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவார், இழை ஓர் இடத்தில் தப்பினால் எங்கே போய் முடியும் என்றே தெரியாது, ஆனால் நின்று பார்த்து ஒரு புள்ளியைச் சேர்த்தோ விட்டோ எப்படியாவது மூடிவிடுவார். பத்து மணிக்கு அதன்மேல் சைக்கிள் ஏறிப் போயிருக்கும். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அதில்தான் ஆச்சரியம், நாம் ஒரு பக்கம் வரைந்துவிட்டு அதை போட்டோ எடுத்துப் போட்டு, யார் பார்த்தார்கள் என்று பத்துத் தடவை திறந்து பார்க்கிறோம்.

அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு, உங்களுக்கு வாசல் தெளிப்பது எது என்று தேடுங்கள். எனக்கு அது குளித்து முடித்துக் காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைப்பது. எந்த ஷிப்ட் ஆனாலும் குளிப்பேன், காப்பி குடிப்பேன். நோட்டு அடுப்பங்கரை ஜன்னலில்தான் இருக்கும், எண்ணெய்க் கறைகூட இருக்கிறது. ஒரு நாள் விட்டால் சரி, இரண்டாம் நாள் ஒரு கோடாவது போட்டுவிடுவேன், சும்மா டம்ளரின் வாயை மட்டும்.

பென்னாகரம் பஸ்

அண்ணா, நான் தருமபுரியில் காலேஜ் படிக்கிறேன். மாஸ்டர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு மாதம் சொம்பு வரை என்று என்னிடம் சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் சொம்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். உட்கார முடியாதவனுக்கு உட்காராத வழியும் இருக்கிறது.

நான் செய்வது, பாக்கெட்டில் போகிற குட்டி நோட்டு, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் பஸ் வருகிற வரைக்கும் நிற்கிற ஆட்களை வரைவேன். ஒரு ஆளுக்கு முப்பது வினாடி, அதிகம் போனால் ஒரு நிமிடம். முகம் கிடையாது, விரல் கிடையாது. தலையிலிருந்து இடுப்பு வழியாகக் கால் வரை முதுகு எப்படி வளைந்து இறங்குகிறது என்று ஒரு கோடு, எந்தக் காலில் எடை இருக்கிறது என்று ஒரு கோடு, தூக்கியிருக்கிற கூடையோ பையோ எந்தப் பக்கம் ஆளை இழுக்கிறது, அவ்வளவுதான். வரைந்து முடிப்பதற்குள் ஆள் நகர்ந்துவிடுவார், ஆக நன்றாக வரவில்லையே என்று வருத்தப்பட நேரமே இல்லை, அடுத்த ஆள். ஒரு நாளைக்கு இருபது உருவம் வரும், பதினெட்டு குப்பை. இதுவும் தினமும் செய்கிறதுதானே, இதுவும் ஒழுக்கம்தானே? ஒரு தடவை ஒரு பாட்டி பார்த்துவிட்டு "என்னையா வரையற, காட்டு" என்று நோட்டை வாங்கிப் பார்த்து, "நான் என்ன இவ்ளோ குள்ளமா" என்று திட்டிவிட்டுப் போனார். அதுவும் பயிற்சிதான்.

ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர்

கோபமெல்லாம் இல்லை தம்பி, நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் உங்களுக்கும் மண்டிக்காரருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவருக்கு நாள் முழுக்க முப்பது வினாடிக்கு ஓர் ஆள்தான் எதிரே வந்து நிற்கிறார்கள்! அவருக்கு நகராத ஒன்று வேண்டும். ஓவியர் ஆதிமூலம் 1969-ல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியையே நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். தாத்தாவின் பொக்கை வாயும் கைத்தடியும் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறபோது தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோய், அப்புறம்தான் பார்க்கவே ஆரம்பிக்கிறோம்.

நகராத ஆளே வேண்டுமென்றால் ஒரு விடுமுறை நாளில் தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்கள். நடுகல் நிறைய வைத்திருக்கிறார்கள். ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரன் வில்லோடும் வாளோடும் நூற்றுக்கணக்கான வருடமாக அசையாமல் நிற்கிறான், இதைவிட நல்ல மாடல் கிடைக்காது. புடைப்பாகச் செதுக்கியிருப்பதால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வசதி, சிலை மாதிரி நாலா பக்கமும் ஓடாது. நாமக்கல்லில் பிறந்த ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்த் தரையில் உட்கார்ந்து விகடனுக்காகச் சிற்பங்களை வரைந்தார், பழைய பக்கங்கள் கிடைத்தால் பாருங்கள், ஒரு மாலையின் மணிகளைக்கூட உத்தேசமாகப் போட்டிருக்க மாட்டார்.

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் நன்றி. கணக்குப் புத்தகம் என்று சொன்னீர்களே ஐயா, அது சுருக்கென்று தைத்தது. பத்து வருடத்தில் ஒரு சிட்டைகூட நான் கிழித்ததில்லை.

சொம்பு ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. என் வாசல் தெளிப்பு, மண்டியிலிருந்து வந்து கை கால் கழுவுவது. கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறேன். பிரச்சினை என்னவென்றால் சொம்பின் வாய் ஒவ்வொரு தடவையும் மீன் மாதிரி வருகிறது, இரண்டு முனையும் கூர். அடிப்பாகம் தட்டையாக வந்து சொம்பு தரையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது. நேற்றுக் கிழிக்கக் கை போய்விட்டது. என் மனைவி எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த வெட்கத்தில் விட்டுவிட்டேன். பொறுமையால் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர்

வெட்கமும் வேலைக்கு ஆகும், விடுங்கள்.

மீன் ஏன் வருகிறதென்றால், மேல் வளைவு ஒன்று, கீழ் வளைவு ஒன்று என்று இரண்டு கோடாகப் போட்டு ஓரத்தில் ஒட்டுகிறீர்கள். வட்டத்தைச் சாய்த்துப் பார்த்தால் நீள்வட்டம், அதற்கு எந்த இடத்திலும் முனை கிடையாது, எவ்வளவு ஒடுக்கமாக இருந்தாலும் ஓரம் திரும்பித்தான் வரும். பேனாவைக் காகிதத்தில் படாமல் காற்றில் நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, அதே ஓட்டத்தில் இறக்கி ஒரே இழுப்பில் இரண்டு சுற்றுப் போடுங்கள். இரண்டு கோடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அடிப்பாகத்துக்கு வருவோம். திண்ணையில் உட்கார்ந்து தரையில் இருக்கிற சொம்பைப் பார்க்கிறீர்கள், அதாவது கண் மேலே, சொம்பு கீழே. கண் மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் அகலத் திறந்துகொண்டே போகும். அதனால் வாயின் நீள்வட்டத்தைவிட அடியின் நீள்வட்டம் இன்னும் உருண்டையாக இருக்க வேண்டும். எல்லோரும் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள், சொம்பு தட்டையான தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், அதனால் கை அடியில் நேர்கோடு போட்டுவிடும். நம்பிக்கை இல்லையென்றால் சொம்பைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வாய் ஒரு கோடாகிவிடும். மெல்லக் கீழே இறக்குங்கள், திறக்கும். ஒரு முழு நாளைய பதினைந்து நிமிடத்தை வரையாமல் இதற்கே செலவழித்தாலும் அது வரைந்த நாள்தான், எண் போட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், யாராவது இன்னும் இங்கே இருக்கிறீர்களா தெரியவில்லை.

50 நாளில் 41 பக்கம். ஒன்பது நாள் விட்டுப்போனது, அதில் நான்கு நாள் தொடர்ச்சியாக, ஊரில் மாரியம்மன் பண்டிகை. திரும்ப வந்து உட்கார்ந்தபோது பழைய மாதிரி "எல்லாம் போச்சு" என்று தோன்றத்தான் செய்தது, ஓசூர் தங்கச்சி சொன்ன மாதிரி டம்ளர் வாயை மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த நாள் சொம்பு. இப்போது சொம்பு தரையில் உட்காருகிறது. அழகாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன், உட்காருகிறது.

மண்டியில் மாறிவிட்டேனா என்று கேட்டால், சும்மா வந்தவர் சொன்ன மாதிரிதான். போன வாரம்கூட ஒரு லாரிக்காரரிடம் கத்தினேன். ஆனால் கத்துவதற்கு முன்னால் பேனா இறுகியது தெரிந்தது, தெரிந்தும் கத்தினேன், முன்னால் அது தெரியவே தெரியாது. இன்னொன்று, கூட வேலை பார்க்கிற பையன் கொண்டுவருகிற சிட்டையில் கூட்டல் இடித்தால், இப்போதெல்லாம் வாயைத் திறப்பதற்கு முன் இரண்டாவது தடவை கூட்டிப் பார்க்கிறேன். பாதிக்குப் பாதி தப்பு என் பக்கம். இத்தனை வருடமாக அவன் மேல் எத்தனை தடவை போட்டிருப்பேனோ.

அவன் ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டு "எதுக்குண்ணா எல்லாப் பக்கத்திலும் சொம்பு" என்றான். சொன்னேன். அடுத்த நாள் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கிரேட் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "என்னை வரைண்ணா" என்றான். பென்னாகரம் தம்பி சொன்ன மாதிரி முகம் வைக்காமல் முதுகுக் கோட்டை மட்டும் போட்டேன். அது அவன்தான் என்று ஏலம் விடுகிறவர் சொன்னார்.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. 31-ம் பக்கத்தைக் கிழித்துவிட்டேன், அன்றைக்கு வேறு ஒரு பஞ்சாயத்தில் இருந்து வந்த கோபம். எண் போட்டிருந்ததால் 30-க்கு அப்புறம் 32 என்று தெரிந்துகொண்டே இருந்தது, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் தேடி எடுத்துச் செலோ டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரிட்டையர்டு டிராயிங் மாஸ்டர்

செலோ டேப் வேண்டாம் தம்பி, இரண்டு வருடத்தில் மஞ்சளாகிப் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், பக்கத்துப் பக்கத்தையும் கெடுக்கும். இப்போதே என்றால் மெதுவாக உரிந்து வரும், ஹேர் டிரையர் இருந்தால் லேசாகச் சூடு காட்டுங்கள். அப்புறம் மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, மெல்லிய காகிதத்தைப் பட்டையாகக் கிழித்துப் பின்பக்கம் ஒட்டி, மேலே கனமாக எதையாவது வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். பசை ஆறினதும் போடுங்கள்.

காவேரிப்பட்டினத்துக்காரி

மைதாவில் துளி மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது ஐயா, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அப்படித்தான் காய்ச்சுவார்கள். அண்ணா, வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், அது விஷம். அதனால் நீங்கள் மயில்துத்தம் இல்லாமலே ஒட்டிவிடுங்கள், ஒரு பக்கம்தானே.